முப்பத்திரண்டு டிகிரி

கழிப்பறைத் தொட்டியில் நீலச் சாயம் ஊற்றுவது
என் நாளின் முதல் வேலை.
குழாய்க்கு டேப் ஒட்டுவது இரண்டாவது.
சோப்பையும் எடுத்து என் மேசையில் வைத்துக்கொள்வேன்.
அப்புறம் அந்த அறைக்குள் தண்ணீர் என்று ஒன்று இருந்தால்
அது வருகிறவனின் உடம்புக்குள் மட்டும்தான்.

கிளைபேடா துறைமுகம். டிசம்பர் இருபத்தேழு.
கிரேன் ஓட்டுகிறவர்கள் வாசலுக்கு வெளியே வரிசையில்,
பூட்ஸில் உப்பும் பனியும் குழைந்த சேறு.
சட்டைப்பையைக் காலிசெய்யுங்கள், தொப்பி இங்கே,
கோடு வரைக்கும் நிரப்புங்கள்.
சொல்லிச் சொல்லி வாய்க்கே அர்த்தம் தேய்ந்துவிட்டது.

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பது விதி.
காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லி விதி இல்லை.
பயந்தவனுக்குத் தொடங்கவே நேரமாகும்.
சீட்டியடித்துக்கொண்டு போகிறவன்தான்
பெரும்பாலும் மாட்டுகிறான்.

இந்த வாரம் எல்லோரிடமும் ஒரே பதில் தயார்:
"பண்டிகைக்குக் கசகசாப் பால் குடித்தேன்."
பொய் இல்லை. இருபத்துநாலாம் தேதி இரவு
கடலைமணி அளவு பிஸ்கட்டுகளை அதில் மிதக்கவிட்டு
ஊரே கிண்ணம் கிண்ணமாகக் குடித்தது.
நானும் குடித்தேன்.
என் சிறுநீரை யாரும் கேட்பதில்லை.

சோதனை அட்டையில் கோடு விழுந்தால் குற்றமில்லை.
விழாவிட்டால்தான் சந்தேகம்.
இந்தத் தொழிலில்
இல்லாமல் போனதுதான் சாட்சி சொல்லும்.
விருந்தா, வலியா, தப்பித்தலா என்று
அட்டைக்குக் கேட்கத் தெரியாது.
என் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

விட்டெனிஸ் கப்பை நீட்டினான்.
கை நடுங்கவில்லை.
கப்பு சில்லென்று இருந்தது.

உடம்பிலிருந்து வந்ததென்றால்
முப்பத்திரண்டுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில்
பட்டையில் ஒரு பச்சைப் புள்ளி எழவேண்டும்.
நான்கு நிமிஷம் உண்டு.
முதல் நிமிஷம் பட்டையைப் பார்த்தேன்.
இரண்டாவதில் அவனை.

நவம்பரில் இரும்புக் கொக்கி ஒன்று தோளில் இறங்கியது அவனுக்கு.
மருத்துவர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினார்.
பத்து நாள் முடிந்தது தோளுக்குத் தெரியவில்லை.
இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது,
எனக்குத் தெரியக்கூடாதது.

"யாருடையது?"
கேட்கக்கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

"பையனுடையது. ஒன்பது வயசு.
எதற்கென்று கேட்கவில்லை.
'இவ்வளவு போதுமா அப்பா' என்றுதான் கேட்டான்."

தொடையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.
வெளியே மைனஸ் பதினொன்று, வரிசை நீளம்.
சிறுவனின் சூடு
வாசல் தாண்டுவதற்குள் ஆறிப்போயிருக்கிறது.

ஜன்னலில் பதினோராம் எண் கிரேன்,
அதன் நுனியில் முப்பது டன் பெட்டி,
பெட்டிக்குக் கீழே ஆரஞ்சுச் சட்டை போட்ட நாலு பேர்.
ஒருத்தன் குனிந்து பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

நான்காவது நிமிஷம் எழுதினேன்:
வெப்பநிலை வரம்புக்குக் கீழே.
பேனா ஒருமுறை மக்கர் செய்தது. பேனாதான்.

இரண்டாவது மாதிரி, ஆண் ஊழியர் முன்னிலையில்.
ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
தம்ளர் தம்ளராகத் தண்ணீர் குடித்தான்.
மூன்று மணிநேரம் ஒரு சொட்டு வரவில்லை.
என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.
கிளம்பும்போது தொப்பியை மறந்துவிட்டான்.
நான் பின்னால் ஓடிப்போய்க் கொடுக்கவில்லை.

முதல் கப்பையும் ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும், அது விதி.
ஜனவரியில் விட்டெனிஸ் பெயரில் முடிவு வந்தது:
மார்ஃபின், மிகக் குறைந்த அளவு.
உணவிலிருந்து வந்திருக்கலாம்.

பையன் கிண்ணத்தை வழித்துக் குடித்திருக்கிறான்.